குப்பையில்லாக் கடை மதுரையில் ஓடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை | 11 ஜூன் 2023, இரவு 9:40

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று வாசித்துவிட்டுப் போகிறவள் நான். இன்றுதான் முதல் பதிவு.

வயது 41. பதினாறு வருஷம் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு மார்ச்சோடு நின்றுவிட்டேன். கையில் நாலரை லட்சம் இருக்கிறது. புதூர் பக்கம் மாமனார் வீட்டு முன்னறை, பதினாலுக்குப் பத்து, வாடகை கிடையாது. அதில் பாக்கெட்டே இல்லாத ஒரு கடை வைக்கலாம் என்று யோசனை. வருகிறவர்கள் டப்பா, தூக்குவாளி, துணிப்பை கொண்டு வர வேண்டும். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் நிறுத்துத் தருவேன். கூடவே மூங்கில் டூத் பிரஷ், துணி நாப்கின், எவர்சில்வர் ஸ்ட்ரா, பீர்க்கங்காய் நார், பூந்திக்கொட்டைத் தூள், கையால் செய்த சோப்பு, தரை துடைக்கப் பாத்திரம் கழுவப் பழத்தோல் என்சைம்.

இது எங்கிருந்து முளைத்தது என்றால், என் நாத்தனார் வீடு அவனியாபுரத்தில், வெள்ளக்கல் குப்பைக் கிடங்குப் பக்கம். காற்று திரும்பினால் சன்னலைச் சாத்த வேண்டும், சோறு இறங்காது. ஒரு தடவை போய்வந்த பிறகு, எங்கள் வீட்டுக்குள் வந்த கவர்களை எல்லாம் ஒரு வாரம் கழுவிக் காயவைத்து ஒரு கோணியில் சேர்த்தேன். நாலு பேர் இருக்கிற வீடு. எண்ணிப் பார்த்தால் 93. பால் பாக்கெட் மட்டும் 14.

வீட்டுக்காரர் சொல்வது: "மளிகைக்கடைக்கு இங்கிலீஷ் பேர் வைக்கப் போற, அவ்வளவுதானே." அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் ஓடுமா? எதில் கை சுடும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

கேலிச்சித்தன் | 11 ஜூன் 2023, இரவு 10:02

எங்க அப்பத்தா இதையேதான் பேர் வைக்காம பண்ணுச்சு. பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும், தலைக்குச் சீயக்கா, கடைக்கு மஞ்சப்பை. இப்ப அதையே கண்ணாடி ஜாடில போட்டு 350 ரூவான்னா வாங்குறாய்ங்க. நடத்துங்க.

---

பழைய மளிகை | 12 ஜூன் 2023, காலை 5:50

தங்கச்சி, நான் திண்டுக்கல்ல முப்பத்தோரு வருசம் மளிகை வச்சிருந்தவன். மகன் வேற வேலைக்குப் போனான், கடையை எடுத்துட்டேன். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

உனக்கு எதிரி பிளாஸ்டிக் இல்ல, வண்டு. பாக்கெட்டு வந்ததே பாதி அதுக்குத்தான். துவரம்பருப்பத் தொறந்த டின்னுல வச்சா ஆடி ஆவணில ஈரக்காத்து பட்ட உடனே மாவு தட்டும், பொறவு வண்டு கட்டும். ஒரு டின்னுல ஏறுனா பக்கத்து டின்னுக்கும் வந்துரும். வசம்பு போடு, காஞ்ச மொளகா போடு, வேப்பெல போடு. அதெல்லாம் தள்ளிப்போடுமே தவிர தடுக்காது. தடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: கொஞ்சமா வாங்கணும், சீக்கிரம் விக்கணும். கீழமாசி வீதில மூட்டைக்கு வெலை கம்மியா இருக்கேன்னு அம்பது கிலோ எடுத்தியோ, கடைசிப் பதினஞ்சு கிலோ உனக்கு நட்டம். அதை வெயில்ல காயப்போட்டுச் சலிச்சுச் சலிச்சே பொழுது போகும்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாக. புதுச் சரக்கப் பழைய சரக்கு மேல கொட்டாத. கொட்டுனா அள்ளுறவ மேலாப்புல புதுசத்தான் அள்ளுவா, அடியில கெடக்கிறது ஆறு மாசம் அப்படியே கெடக்கும். வண்டு பொறக்கிறது அங்கனதான். டின்னக் காலி பண்ணி, தொடச்சு, வெயில்ல கவுத்து வச்சு, புதுச அடியில போட்டு, பழசக் கொண்டாந்து மேல போடணும். வாரம் ஒரு நா கடைய அடைச்சுட்டு இதச் செய்யணும். நாங்க வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்வோம்.

தராசு விசயம். வர்றவ ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஏனம் கொண்டாருவா. வெறும் ஏனத்த எடை போட்டுக் கழிக்கணும், அப்பறம் சரக்கு, அப்பறம் கணக்கு. எட்டுச் சாமான்னா எட்டு தடவ. சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு திரும்பிப் போயிருவான். அதனால வெறும் டப்பா எடைய டப்பா அடியிலயே பெயிண்ட்டுல எழுதிக் குடுத்துரு. அடுத்த தடவ அத நிறுக்க வேண்டாம்.

---

ஆடிட்டர் அண்ணாச்சி | 12 ஜூன் 2023, காலை 11:15

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இதில் உங்களுக்குச் சாதகமானதும் உண்டு, கண்ணிவெடியும் உண்டு.

சாதகம் முதலில். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி. லூஸாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி கிடையாது. பாக்கெட்டுக்கு உரிய லேபிள் விதிகளும் வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கொடுப்பதற்குப் பொருந்தாது. ஆனால் முதல் நாள் இரவே அரைக்கிலோ அரைக்கிலோவாகக் காகிதப் பையில் போட்டு அடுக்கி வைத்தீர்கள் என்றால் அது பாக்கெட்தான். காகிதமா பிளாஸ்டிக்கா என்று சட்டம் பார்க்காது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் சாதாரணப் பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாய். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை.

கண்ணி ஒன்று: எண்ணெய். செக்கெண்ணெயை டின்னிலிருந்து வாளியில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சமையல் எண்ணெயை லூஸாக விற்கக் கூடாது, மாநில அரசு விலக்கு கொடுத்திருந்தால் ஒழிய. ஊரெல்லாம் விற்கிறார்கள் என்பது பதில் ஆகாது.

கண்ணி இரண்டு: குளியல் சோப்பு. அது சட்டத்தில் அழகு சாதனம். வீட்டு அடுக்களையில் செய்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் வாங்கி விற்றுக்கொள்ளுங்கள்.

கண்ணி மூன்று: பழைய செய்தித்தாளில் பொட்டலம் மடிப்பது. உணவுப் பொருளை அச்சடித்த தாளில் மடிக்கக் கூடாது என்று 2016-லேயே சொல்லிவிட்டார்கள். மை ஒட்டும். பழைய காலம் பழைய காலம் என்று உருகுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கடன் வேண்டுமென்றால் பிரதமர் வேலை உருவாக்கத் திட்டத்தைப் பாருங்கள். நகர்ப்புறப் பெண்ணுக்கு 25 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆனால் என் யோசனை, முதல் வருஷம் கடன் வேண்டாம்.

---

பெங்களூர்த் தமிழச்சி | 12 ஜூன் 2023, இரவு 8:30

நான் பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். இங்கே இதைத் தொழிலாகச் செய்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் போன வழி வேறு வேறு, அதனால்தான் சொல்கிறேன்.

ஒருவர் சஹர் மன்சூர். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, முதலில் தன் வீட்டுக் குப்பையைக் குறைத்துப் பார்த்தார். இரண்டு வருஷக் குப்பை ஒரு கண்ணாடி ஜாடியில் அடங்கிவிட்டது என்று அந்த ஜாடியோடு பத்திரிகைகளில் படம் வந்தது. 2016-ல் 'பேர் நெசசிட்டீஸ்' தொடங்கினார். சோப்பு, பற்பொடி, மூங்கில் பிரஷ் என்று பொருள் வழி போனவர். பிறகு பட்டறைகள், வகுப்புகள் என்று விரிந்தார்.

இன்னொருவர் பூனம் பீர் கஸ்தூரி. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர். 2006-ல் 'டெய்லி டம்ப்' தொடங்கினார். குயவர்கள் வனைந்த சுடுமண் பானைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, பெயர் 'கம்பா'. காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் மேல் பானையில் போட்டு, ஈரத்துக்குத் தென்னைநார்த் தூள் தூவி, நிறைந்ததும் கீழே இறக்கினால் எருவாகும். எங்கள் பால்கனியில் இன்னும் இருக்கிறது. முதல் மாசம் நான் தூள் கஞ்சத்தனமாகப் போட்டு, மேல் பானையைத் திறந்தால் அரிசி அரிசியாகப் புழு. பக்கத்து ஃபிளாட் அம்மா கன்னடத்தில் என்னென்னவோ சொன்னார், நல்லவேளை அப்போது எனக்குக் கன்னடம் தெரியாது.

விஷயம் இதுதான். பூனம் அந்தப் பானை வடிவத்தைப் பூட்டி வைக்கவில்லை. வேறு ஊர்க்காரர்கள் அதே மாதிரி செய்து விற்கலாம் என்று விட்டார். பானை ஒரு தடவை விற்றால் பத்து வருஷம் இருக்கும், அப்புறம் அந்த வீட்டில் என்ன வியாபாரம்? அதனால் தூள், நுண்ணுயிர்க் கலவை, வீட்டுக்கே வந்து பராமரிப்பது என்று போனார். நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் பாதி ஒரு தடவை வாங்கினால் தீர்ந்தது. எவர்சில்வர் ஸ்ட்ராவை யார் இரண்டாம் தடவை வாங்குவார்கள்? உண்மையில், யார் முதல் தடவை வாங்குவார்கள்?

2015 கடைசியில் கர்நாடக உயர்நீதிமன்ற உத்தரவு வந்து, 'இரண்டு தொட்டி ஒரு பை' என்று வீட்டுக்கு வீடு பிரித்துப் போட வேண்டியதாயிற்று. பிரிக்கச் சொல்லிச் சட்டம் நெருக்கினால்தான் பானைக்கு ஆள் வரும். மதுரையில் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

---

கணக்குப்புலி | 13 ஜூன் 2023, மாலை 4:12

உணர்ச்சிவசப்பட்ட இழையில் கொஞ்சம் எண்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் பைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை, எல்லாச் சுற்றுச்சூழல் அளவீடுகளிலும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் 7,100 தடவை பயன்படுத்த வேண்டும். இயற்கைப் பருத்தி என்றால் 20,000 தடவை. தினம் ஒரு தடவை கடைக்குப் போனால் 54 வருஷத்துக்கும் மேல். மஞ்சப்பைக்கு என் வணக்கம்.

---

பெங்களூர்த் தமிழச்சி | 13 ஜூன் 2023, இரவு 9:05

புலி, அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். பருவநிலைக் கணக்கை மட்டும் எடுத்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும். அந்த ஏழாயிரம் வருவது முக்கியமாக ஓசோன் கணக்கில். அது டென்மார்க் கணக்கு வேறு. அங்கே பிளாஸ்டிக் பை கடைசியில் குப்பைத்தொட்டி உறையாகி, உலையில் எரிந்து மின்சாரமாகும். தெருவில் கிடப்பது, சாக்கடை அடைப்பது, கடலுக்குப் போவது அந்தக் கணக்கில் சேரவே இல்லை. நம் ஊரில் அது மாட்டு வயிற்றில் போய் முடிகிறது.

ஆனால் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பையாகக் கொடுத்து, வீட்டுக்கு நாற்பது துணிப்பை அலமாரியில் மடித்துக் கிடக்கிறதே, அதுவும் குப்பைதான்.

---

வைகைக்கரை | 14 ஜூன் 2023, மதியம் 2:30

எல்லோருக்கும் நன்றி. பழைய மளிகை அண்ணன் எழுதியதை அச்செடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

துணிப்பைக்கு நம்ம ஊரிலேயே 2014-லிருந்து 'தி யெல்லோ பேக்' என்று ஒரு தம்பதி நடத்துகிறார்கள், பெண்களை வைத்துத் தைக்கிறார்கள். அதில் நான் போட்டி போடப் போவதில்லை. வேண்டுமானால் வாங்கி வைப்பேன். எண்ணெயும் சோப்பும் பட்டியலிலிருந்து போயாச்சு. ஸ்ட்ராவையும் எடுத்துவிடவா?

---

நெய்தல் | 14 ஜூன் 2023, இரவு 11:48

கொஞ்சம் கசப்பாக இருக்கும், மன்னிக்கவும்.

மேலே ஒருவர் அப்பத்தா பேர் வைக்காமல் பண்ணினார் என்று எழுதியிருக்கிறார். சரி. அந்தச் சாம்பலைச் சலித்தது யார்? சீயக்காயைக் காயவைத்து, வெயிலில் காவலிருந்து, மிஷினுக்குத் தூக்கிப் போனது யார்? பிள்ளைத் துணியை அலசியது யார்? குப்பையில்லா வீடு என்றால் அந்தக் குப்பை வேலையாக மாறி யாரோ ஒருத்தி கையில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட் வந்தபோது நம் அம்மாக்கள் சந்தோஷப்பட்டார்கள். அது தப்பான சந்தோஷம் இல்லை.

நான் புதுச்சேரிப் பக்கம். ஆரோவில்லில் 'எகோ ஃபெம்' என்று பத்து வருஷத்துக்கு மேலாகத் துணி நாப்கின் தைக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். நல்ல துணி, எழுபத்தைந்து துவைப்பு தாங்கும் என்பார்கள், என் அனுபவத்தில் அதற்கு மேலும் வருகிறது. எனக்குத் துவைப்பது கஷ்டமாக இல்லை. காயப்போடுவதுதான். மாமியார், கொழுந்தன், வாடகைக்கு இருக்கிற பையன்கள் எல்லோரும் நடமாடுகிற மாடியில் ஒரே கொடி. பாவாடையை மேலே போட்டு அதற்கு அடியில் போடுவேன். வெயில் படாத துணி வாடையடிக்கும். ஒரு நாள் காற்றடித்துப் பாவாடை பறந்தது. கொழுந்தன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் நல்ல பையன். ஆனால் அடுத்த மாசம் நான் மறுபடி கடை நாப்கினுக்குப் போய்விட்டேன். தனி வீடு வந்த பிறகுதான் திரும்ப முடிந்தது.

துணி நாப்கினை அடுக்கி வைத்து 'பூமியைக் காப்போம்' என்று போர்டு போடுவது சுலபம். அதைக் காயப்போட இடம் இருக்கிறதா என்று வாங்க வருகிறவளிடம் முதலில் கேளுங்கள் அக்கா. தொழிலாகவே யோசித்தால், நீங்கள் விற்க வேண்டியது பொருளை அல்ல, அந்த வேலையை. கழுவுகிறது, காயவைக்கிறது, அரைக்கிறது, திரும்ப எடுத்து வருகிறது. அதற்கு ஒரு விலை போடுங்கள், அதைச் செய்கிறவளுக்குக் கூலி போடுங்கள்.

---

கேலிச்சித்தன் | 15 ஜூன் 2023, காலை 7:20

அப்பத்தா பத்தி அப்படி யோசிக்கல. அதுக்கு ரெண்டு உள்ளங்கையும் புளி அரிச்சு வெடிச்சிருக்கும், நாங்க தேங்காண்ணெ தேச்சு விடுவோம். சரி, நான் வாயை மூடிக்கிறேன்.

---

இழைக்காவலர் | 15 ஜூன் 2023, காலை 9:00

மூங்கில் பிரஷ் மொத்த விலைக்கு என்று வந்த இரண்டு விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. தயவுசெய்து தொலைபேசி எண் போடாதீர்கள்.

---

பெர்லின்வாசி | 17 ஜூன் 2023, அதிகாலை 1:10

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் மிலேனா கிளிம்போவ்ஸ்கி என்ற பெண், தோழியோடு சேர்ந்து 'ஒரிகினால் உன்ஃபர்பாக்ட்' என்று பாக்கெட் இல்லாத கடையை பெர்லினில் தொடங்கினார். பொதுமக்களிடம் இணையத்தில் திரட்டிய பணம் ஒரு லட்சம் யூரோவுக்கும் மேல். உலகம் முழுக்கச் செய்தி. அதைப் பார்த்து ஜெர்மனி முழுக்க அதே மாதிரிக் கடைகள் முளைத்தன. சுவரில் கண்ணாடிக் குழாய்கள், கீழே ஒரு பிடி, இழுத்தால் பயறு கொட்டும். மேலே நிரப்பி அடியில் எடுப்பது. மளிகை அண்ணன் சொன்ன பழசு புதுசு பிரச்சினைக்கு அதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி.

கொரோனா வந்தது, பிறகு உக்ரைன் போர் வந்து விலைவாசி ஏறியது. சனங்கள் சல்லிசான பெரிய கடைக்குத் திரும்பினார்கள். 2022-ல் முன்னோடிக் கடையே திவால் மனு கொடுத்தது. நான் அங்கே நாலு வருஷம் வாங்கியவன். கடைசி வருஷத்தில் நானே பாதிச் சாமான் சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது ஞாயிற்றுக்கிழமை உற்சாகம். புதன்கிழமை வேலை விட்டு வரும்போது கையில் ஜாடி இருக்காது.

அமெரிக்காவில் லாரன் சிங்கர் 2017-ல் புரூக்ளினில் திறந்த 'பேக்கேஜ் ஃப்ரீ' கடை வேறு ரகம். அவரும் ஜாடிக்குள் குப்பையை அடைத்துப் புகழ்பெற்றவர்தான். அது பெரும்பாலும் மளிகை இல்லாமல், பிரஷ் ஸ்ட்ரா மாதிரிப் பொருள் விற்கிற கடை. எது உங்கள் ஊருக்கு ஒத்துவரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

---

வைகைக்கரை | 25 பிப்ரவரி 2024, இரவு 10:15

எட்டு மாசம் ஆகிவிட்டது. சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள், "கடை இருக்கா, மூடியாச்சா" என்று. இருக்கிறது. ஆவணியில் திறந்தேன்.

முதலில் தோற்றவை. மூங்கில் பிரஷ் 200 எடுத்தேன், விற்றது 31. அதிலும் ஒரு கல்லூரிப் பெண் வந்து, "ஆன்ட்டி, கைப்பிடிதான் மூங்கில், முள் நைலான், இது மக்காதே" என்று கடை நடுவில் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கே ஒரு அட்டையில் 'முள் மட்டும் பிடுங்கிப் போடவும்' என்று எழுதி மாட்டினேன், அதோடு விற்பனை நின்றது. மிச்சத்தைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பத்து வருஷத்துக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் பிரஷ் வாங்க வேண்டாம்.

பழத்தோல் என்சைம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்து பங்கு தண்ணீர், மூன்று மாசம். முதல் மாசம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் அவனியாபுரம் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சாத்துக்குடித் தோல் கூரையில் ஒட்டியிருக்கிறது. மாமனார் நடுராத்திரியில் சத்தம் கேட்டு, சிலிண்டர் என்று நினைத்து, வேட்டியைக் கட்டக்கூட நேரமில்லாமல் தெருவுக்கு ஓடியிருக்கிறார். இன்னும் அதை யாரும் மறக்கவில்லை.

பருப்பு ஓடுகிறது. பதினைந்து கிலோவுக்கு மேல் எடுப்பதே இல்லை. வெள்ளி மத்தியானம் கடை அடைப்பு, டின் கவிழ்ப்பு, எல்லாம் அண்ணன் சொன்னபடி. ஒரே ஒரு தடவை பாசிப்பயறில் வண்டு. டப்பா அடியில் எடை எழுதுவதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டு டப்பா எவ்வளவு கனம் என்று ஒப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஆனால் பருப்பில் நிற்கிற லாபத்தை வைத்துக் கரண்ட் பில் கட்டலாம், அவ்வளவுதான்.

காசு வந்த இடம் நான் நினைத்தே பார்க்காதது. நெய்தல் எழுதியதைப் பல தடவை படித்தேன். கார்த்திகையில் எதிர்த்தெருவில் ஒரு வளைகாப்பு. அந்த வீட்டம்மா வந்து, "பேப்பர் கப்பு வேண்டாம்மா, காபி வாசமே போயிருது. டம்ளர் எங்கயாவது வாடகைக்குக் கிடைக்குமா?" என்றார். பாத்திர வாடகைக் கடையில் அண்டா குண்டானோடுதான் தருவார்கள், டம்ளரைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். கழுவ ஆள் இல்லாமல்தான் எல்லோரும் கப்புக்குப் போகிறார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, அதை யார் கேட்கிறார்கள்.

மறுநாள் வெண்கலக்கடைத் தெருவுக்குப் போய் 300 எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன், ஒன்று 28 ரூபாய். அடியில் 'வை' என்று பொறித்து வாங்கினேன். டம்ளருக்கு மூன்று ரூபாய். எச்சிலோடு அப்படியே கூடையில் போட்டுத் தந்தால் போதும், கழுவுவது எங்கள் பொறுப்பு. இந்தக் கடைசி வாக்கியம்தான் வியாபாரம்.

முதல் விசேஷத்தில் எண்ணும்போது 11 குறைந்தது. நானும் எங்கள் தெரு அக்கா ஒருவரும் ராத்திரி பத்தரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு எச்சில் இலைக் குவியலைக் கிளறினோம். இலையை மடிக்கும்போது டம்ளரையும் உள்ளே வைத்து மடித்துவிடுகிறார்கள். இலை வழுக்கும், பாயசம் விரலில் பிசுபிசுக்கும், நாய் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து எங்களையே பார்க்கிறது. ஒன்பது கிடைத்தது. அந்த அக்கா அப்போது சொன்னார்: "இலை போடற தொட்டிப் பக்கத்துல ஒரு ஆளை நிறுத்திருந்தா இந்தப் பாடு இல்ல." அடுத்த விசேஷத்திலிருந்து அவரே அங்கே நிற்கிறார். நிற்பதற்கும் கழுவுவதற்கும் அரை நாளைக்கு 450 ரூபாய். மூன்று தொட்டி: ஒன்றில் ஊறல், ஒன்றில் பூந்திக்கொட்டைத் தண்ணீர், ஒன்றில் சுடுதண்ணீர். கவிழ்த்து வெயிலில் காயவைத்து, துணிப்பையில் ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைப்பது.

தை மாசத்தில் மட்டும் ஒன்பது விசேஷம். இப்போது 800 டம்ளர், 300 தட்டு. பெங்களூரில் 'அதம்ய சேதனா' என்கிற அமைப்பு தட்டு வங்கி (விசேஷத்துக்குத் தட்டு இரவல் தருவது) நடத்துகிறது என்று தமிழச்சி தனிமடலில் சொன்னார், அவர்கள் கணக்கு எழுதும் முறையைக் கேட்டு வாங்கினேன். அவர்கள் செய்வது சேவை, நான் செய்வது தொழில். கூச்சப்படாமல் சொல்கிறேன், போன மாசம் எல்லாச் செலவும் கூலியும் போக 14,200 ரூபாய் நின்றது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

துணி நாப்கின் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "காயப்போட இடம் இருக்காம்மா?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள், வாங்குவதில்லை.

---

பழைய மளிகை | 26 பிப்ரவரி 2024, காலை 6:05

பாசிப்பயறுல ஒரு தடவதான் வண்டா? என்னய விடக் கெட்டிக்காரி. தண்ணிக்கு என்ன பண்ற? எண்ணூறு டம்ளர் கழுவ மூணு தொட்டி ரொப்பணுமே.

---

வைகைக்கரை | 26 பிப்ரவரி 2024, காலை 8:40

வலிக்கிற இடத்தில் கைவைத்துவிட்டீர்கள் அண்ணா. சித்திரையில் தண்ணீர் லாரிதான். ஊறல் தண்ணீரை வாழைக்கு விடுகிறேன், கடைசித் தொட்டித் தண்ணீர் அடுத்த நாள் முதல் தொட்டிக்குப் போகிறது. அப்படியும் 300 டம்ளருக்கு இருபது குடம் ஆகிறது. கணக்குப்புலி இதைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

---

கணக்குப்புலி | 26 பிப்ரவரி 2024, மதியம் 1:33

பிடிக்கவில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு லிட்டர் வருகிறது. முதல் தொட்டியில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் பாதியாகும். ஹோட்டலில் அப்படித்தான் செய்வோம். ஆமாம், நான் ஹோட்டல் வைத்திருக்கிறேன்.

---

சுங்குடிச்சேலை | 3 டிசம்பர் 2024, மாலை 6:20

இப்பதான் இழையைப் பூரா வாசிச்சேன். அக்கா, தை 9-ந் தேதி எங்க அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. அழகர்கோவில்ல வச்சிருக்கோம். 250 டம்ளர் கிடைக்குமா? அங்க வரைக்கும் கொண்டாருவீங்களா?

---

வைகைக்கரை | 3 டிசம்பர் 2024, இரவு 9:10

அன்றைக்கு இரண்டு கல்யாணம் இருக்கிறது, 120-தான் மிச்சம். மீதிக்கு வேண்டுமானால் லோட்டா தருகிறேன், கொஞ்சம் பெரிசு, காபி கூடச் செலவாகும். வண்டி வாடகை தனி. அப்புறம் மலையடிவாரத்தில் குரங்கு உண்டு, போன தடவை நாலு டம்ளரைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. உங்கள் ஆள் ஒருவர் கம்போடு கூடைப் பக்கத்தில் நிற்க வேண்டும். சரியென்றால் தனிமடல் போடுங்கள்.